ராண்ட்ஜனும் அசையும் எலும்பும்

எலும்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது மரணம். மயானத்தில் கிடப்பது எலும்பு. விலங்கியல் துறைக் கண்ணாடி அலமாரியில் கம்பி கோத்துத் தொங்குவதும் எலும்பு. பல நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் எலும்பைப் பற்றி அறிந்ததெல்லாம் இறந்தவர் உடலை அறுத்து அறிந்ததுதான். உயிருள்ள ஒருவன் தன் விரலை மடக்கும்போது தோலுக்கும் சதைக்கும் உள்ளே அந்த எலும்பு எப்படித் திரும்புகிறது என்பதை 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வரையில் எந்தக் கண்ணும் கண்டதில்லை. முதன்முதலாகக் கண்டவர் ஐம்பது வயதான ஒரு ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர். அவர் கண்டது தம்முடைய கையின் எலும்பை.

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் 1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் பிரஷ்யாவைச் சேர்ந்த லென்னப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை துணி வணிகர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. மூன்று வயதிலேயே குடும்பம் ஹாலந்து நாட்டின் அபெல்டூர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் பேரறிவாளராகத் திகழ்ந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. காடு மேடு சுற்றுவதில் விருப்பம், சிறு சிறு பொறிகளைச் செய்து பார்ப்பதில் கைத்திறமை, இவ்வளவே அவரிடம் காணப்பட்டவை.

1862இல் உத்ரெக்ட் நகரின் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய வாழ்க்கையின் முதல் இடி விழுந்தது. வகுப்பில் யாரோ ஒரு மாணவன் ஆசிரியர் ஒருவரைக் கேலிச் சித்திரமாக வரைந்துவிட்டான். வரைந்தவன் யார் என்று ராண்ட்ஜனைக் கேட்டார்கள். அவர் வரையவில்லை; வரைந்தவனை அறிவார்; ஆனால் பெயரைச் சொல்ல மறுத்தார். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பள்ளி இறுதிச் சான்றிதழ் கையில் இல்லை. அந்த ஒரு தாள் இல்லாததால் ஹாலந்திலும் ஜெர்மனியிலும் பல்கலைக்கழகங்களின் கதவு அவருக்கு அடைபட்டது. உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முறையான மாணவராக அன்றி, வகுப்பில் அமர்ந்து கேட்பவராக மட்டும் சில காலம் இருந்தார். சான்றிதழ் ஒன்று தொலைந்தால் என்ன பாடு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். இவருக்கோ அது கிடைக்கவே இல்லை.

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரப் பாலிடெக்னிக்கில் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் சேர வழியுண்டு என்று கேள்விப்பட்டு 1865இல் அங்கே போய்ச் சேர்ந்தார். எடுத்துக்கொண்ட பாடம் இயந்திரப் பொறியியல். 1868இல் பட்டயம், 1869இல் ஜூரிச் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். பொறியாளராகப் போக வேண்டியவரை இயற்பியலுக்குத் திருப்பியவர் அங்கே ஆசிரியராக இருந்த ஆகஸ்ட் குண்ட். ஒலியின் வேகத்தை அளக்க நம் ஆய்வுக்கூடத்தில் தூள் தூவிய கண்ணாடிக் குழாய் ஒன்றை வைத்திருக்கிறோமே, அந்தக் குண்ட் குழாயின் குண்ட்தான் இவர். ஜூரிச்சில்தான் விடுதி நடத்திய ஒருவரின் மகளான அன்னா பெர்த்தா லுட்விக் என்பவரை ராண்ட்ஜன் சந்தித்தார். பெர்த்தா அவரைவிட ஆறு வயது மூத்தவர். 1872இல் திருமணம். பிள்ளைகள் பிறக்கவில்லை; 1887இல் பெர்த்தாவின் சகோதரர் மகளை, ஆறு வயதுக் குழந்தையை, எடுத்து வளர்த்தனர்.

குண்ட் 1870இல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது ராண்ட்ஜனும் உதவியாளராக உடன் சென்றார். விரிவுரையாளராகும் உரிமையைக் கேட்டார். டாக்டர் பட்டம் இருந்தும் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்பதைக் காட்டி அந்தப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. உத்ரெக்டில் வரையாத சித்திரம் வூர்ஸ்பர்க் வரையில் அவரைத் துரத்தி வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகம்தான் 1874இல் அவரை விரிவுரையாளராக ஏற்றது. பிறகு ஹோகன்ஹைம், மீண்டும் ஸ்ட்ராஸ்பர்க், 1879 முதல் கீசன் என்று பணி நகர்ந்தது. 1888இல் வூர்ஸ்பர்க்கே அவரைப் பேராசிரியராக வா என்று அழைத்தது. 1894இல் அதே பல்கலைக்கழகத்துக்கு ரெக்டர் ஆனார். நம் நாட்டுத் துணைவேந்தர் பதவிக்கு ஒப்பானது அது. இதை அவர் பழிதீர்த்த கதையாக நான் எழுதவில்லை. அவர் அப்படிப்பட்டவரும் அல்லர்; கூச்சம் மிகுந்தவர், அதிகம் பேசாதவர், தம் கருவிகளைத் தாமே செய்துகொண்டு தனியே வேலை செய்ய விரும்பியவர்.

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. காற்றை அகற்றிய கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தும்போது தோன்றும் கேதோடு கதிர்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் முழுவதும் மூடி, அறையையும் இருட்டாக்கியிருந்தார். ஒளி சிறிதும் கசியவில்லை. ஆயினும் சற்றுத் தள்ளி இருந்த, பேரியம் பிளாட்டினோ சயனைடு பூசிய தாள் மின்னியது. குழாயில் மின்சாரம் பாயும்போது மின்னும், நிறுத்தினால் அணையும். கேதோடு கதிர்கள் காற்றில் சில சென்டிமீட்டர் தொலைவே செல்லக்கூடியவை. இந்த ஒளிர்வோ இரண்டு மீட்டர் தள்ளி வைத்தாலும் தெரிந்தது. அப்படியானால் குழாயிலிருந்து வருவது வேறு ஏதோ ஒன்று. இன்னதென்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எழுத்தையே அதற்கு இட்டு எக்ஸ் கதிர் என்றார்.

அடுத்த ஏழு வாரம் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததே அரிது. உணவும் உறக்கமும் அங்கேயே. காகிதம், மரம், ரப்பர், அலுமினியம் என்று ஒவ்வொன்றாகக் குழாய்க்கும் திரைக்கும் நடுவே பிடித்துப் பார்த்தார். பிடித்த கையும் நடுவே வந்தது. திரையில் கையின் மங்கலான நிழல். அதற்குள்ளே எலும்புகளின் கருநிழல். கை உயிருள்ள கை. அதை அசைத்தால் திரையில் எலும்பும் அசையும். இந்த இடத்தை வாசகர்கள் சற்று மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். பாடநூல்கள் பெர்த்தாவின் கைப்படத்தை அச்சிட்டுவிட்டு மேலே போய்விடுகின்றன. அந்தப் படத்துக்கு முன்பே, திரையில், எலும்பு அசைவாகத்தான் முதலில் தெரிந்தது.

பெர்த்தாவின் கைப்படம் எடுக்கப்பட்டது டிசம்பர் 22இல். ஒளிப்படத் தகட்டின்மேல் கையை வைத்து ஏறத்தாழ பதினைந்து நிமிடம் அசையாமல் இருக்கச் செய்தார். தகட்டைக் கழுவியபோது விரலெலும்புகளும், ஒரு விரலில் மோதிரமும் தெரிந்தன. தம் எலும்பைத் தாமே கண்ட பெர்த்தா தம் சாவையே பார்த்ததுபோல் நடுங்கிப் போனாராம். படம் கிடைத்தது, ஆனால் அதற்கு விலை அசையாமை. கை சிறிது நடுங்கினாலும் எலும்பின் விளிம்பு மங்கிவிடும். திரையில் அசைவு தெரியும், அடுத்த நொடி மறைந்துவிடும். தகட்டில் நிலைத்து நிற்கும், அசைவு இருக்காது. இந்த இரண்டையும் ஒன்றாக்குவது எளிதாக இருக்கவில்லை.

எலும்பு மட்டும் ஏன் கருமையாய்த் தெரிகிறது? சதையில் பெரும்பாலும் இருப்பவை ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். இவற்றின் அணு எண்கள் 1, 6, 8. எலும்பில் இருப்பவை கால்சியமும் பாஸ்பரசும். அணு எண்கள் 20, 15. மருத்துவப் படத்துக்குப் பயன்படும் ஆற்றலில் ஒளிமின் விளைவால் கதிரை விழுங்கும் திறன் அணு எண்ணின் ஏறத்தாழ மும்மடியைப் போல் பெருகுகிறது. ஆகவே சிறிய வேற்றுமையும் பெரிய நிழலாகிறது.

டிசம்பர் 28ஆம் நாள் தம் கட்டுரையை வூர்ஸ்பர்க் இயற்பியல் மருத்துவச் சங்கத்திடம் கொடுத்தார். புத்தாண்டு நாளில் அச்சுப் பிரதிகளையும் படங்களையும் நண்பர்களான அறிஞர்களுக்கு அனுப்பினார். ஜனவரி 5இல் வியன்னா நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. அதன்பின் உலகமே பேசியது. ஜனவரி 13இல் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில் செய்து காட்டினார். ஜனவரி 23இல் வூர்ஸ்பர்க் கூட்டத்தில் பேசும்போது, உடற்கூற்றியல் மேதை கோலிக்கரை மேடைக்கு அழைத்து, அவர் கையை எல்லோர் முன்னிலையிலும் படமெடுத்தார். எழுபத்தெட்டு வயது முதியவர், வாழ்நாளெல்லாம் பிறர் உடலை அறுத்து ஆராய்ந்தவர், அறுக்காமலே தம் எலும்பைக் கண்டார். இக்கதிருக்கு ராண்ட்ஜன் கதிர் என்றே பெயரிட வேண்டுமென்று அங்கேயே முன்மொழிந்தார். ராண்ட்ஜன் மட்டும் கடைசிவரை எக்ஸ் கதிர் என்றே எழுதினார்.

பணம் அவரைத் தேடி வந்தது. பெர்லின் மின்பொருள் நிறுவனமான ஏ.இ.ஜி. அவருடன் உடன்படிக்கை செய்துகொள்ள முன்வந்தது. காப்புரிமை பெற்றிருந்தால் உலகின் ஒவ்வொரு குழாய்க்கும் அவருக்குப் பங்கு கிடைத்திருக்கும். அவர் பெறவில்லை. பேராசிரியரின் கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொது, ஒரு நிறுவனத்தின் கையில் அதை அடைக்கக் கூடாது என்பது அவர் நிலை. கண்ணாடிக் குழாயும் தூண்டுசுருளும் இருந்த கல்லூரிகளில் எல்லாம், யாரையும் கேட்காமல், சில வாரங்களிலேயே எலும்புப் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

அப்படித் தொடங்கியவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஜான் மெக்கின்டைர். கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் 1896இலேயே எக்ஸ் கதிர்த் துறையை ஏற்படுத்தியவர். 1897இல் தவளையின் காலை எக்ஸ் கதிரால் படமெடுத்துத் திரைப்படமாக ஓடவிட்டார். முழங்கால் மூட்டு மடங்குகிறது, நீள்கிறது. எலும்பு மட்டும் தெரிகிறது. அன்று சினிமா பிறந்து இரண்டு ஆண்டுகூட முழுதாக நிறையவில்லை. எலும்பின் அசைவை நிலைத்த படமாகப் பதிவு செய்யலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஆனால் அசைவைப் பார்க்கும் ஆசைக்கு உயிர்கள் பலியாயின. அமெரிக்காவில் தாமஸ் எடிசன் 1896இல் திரை பொருத்திய கண்காட்டி ஒன்றைச் செய்தார். அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அந்தக் குழாய்களைச் சோதிக்கத் தம் கையையே நாள்தோறும் நடுவே நீட்டினார். கைகள் புண்ணாகிப் புற்றுநோயாகி, இரண்டு கைகளையும் வெட்டி எடுத்த பிறகும் பிழைக்காமல் 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ராண்ட்ஜன் தப்பியதற்குக் காரணம் உண்டு. தகடுகள் கெடாமல் இருக்க வேண்டுமென்று, துத்தநாகத் தகட்டால் ஆளுயரப் பெட்டி ஒன்று செய்து, ஈயமும் பொருத்தி, அதற்குள் இருந்தே வேலை செய்தார். தகட்டுக்காகச் செய்தது ஆளையும் காத்தது. இத்தனைக்குப் பின்னும் 1920களிலிருந்து 1950கள் வரையில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செருப்புக் கடைகளில், வாங்க வந்த குழந்தைகள் தம் கால்விரல் எலும்பு ஆடுவதைப் பார்த்து மகிழக் கதிர்ப் பெட்டிகளை வைத்திருந்தார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை; ஆனால் அது நடந்தது.

நிழலில் வேறொரு குறையும் உண்டு. தோல்பாவைக் கூத்தில் திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவருக்குப் பாவையின் கை குட்டையாகத் தெரிந்தால், அது மடங்கியதா, நம்மை நோக்கி நீண்டதா என்று சொல்ல இயலாது. எக்ஸ் கதிர்ப் படமும் அப்படியே. ஆழம் அதில் இல்லை. எலும்பு போன்ற வளையாத திண்மப் பொருள் வெளியில் எங்கே, எப்படி இருக்கிறது என்று முழுமையாகக் கூற ஆறு எண்கள் வேண்டும். இடவலம், மேல்கீழ், முன்பின் என்று நகர்வு மூன்று. மூன்று அச்சுகளைச் சுற்றிச் சுழற்சி மூன்று. ஒரே நிழலிலிருந்து இந்த ஆறையும் உறுதியாகப் பெற முடியாது. இரண்டு திசையிலிருந்து இரண்டு நிழல் வேண்டும். அத்துடன் அந்த எலும்பின் முழு வடிவமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வடிவத்துக்கு வழி கணிதத்திலிருந்து வந்தது. ராண்ட்ஜன் உயிரோடு இருந்த 1917இலேயே ஜோஹான் ராடோன் என்னும் ஆஸ்திரியக் கணித அறிஞர், ஒரு பொருளின் குறுக்கே எல்லாத் திசையிலும் கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டின் வழியேயும் கிடைக்கும் கூட்டுத்தொகையை அறிந்தால் உள்ளிருப்பதைப் புள்ளி புள்ளியாக மீட்கலாம் என்று நிறுவினார். மருத்துவத்தை எண்ணி அவர் அதைச் செய்யவில்லை. பின்னர் ஆலன் கார்மக் அதே வழியைத் தாமாகவே கண்டறிந்தார். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியாகச் செய்து முடித்தார். 1971 அக்டோபர் 1இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அவருடைய சி.டி. ஸ்கேன் படமெடுத்தது. நாம் நாய்ப் படம் போட்டு அறிந்த எச்.எம்.வி. இசைத்தட்டுகளுக்கு உரிய ஈ.எம்.ஐ. நிறுவனத்தில்தான் ஹவுன்ஸ்ஃபீல்டு பொறியாளராக இருந்தார். அவருடைய முதல் படம் 80க்கு 80 கட்டங்கள் கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும். கார்மக்குக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

எண் என்று ஆகிவிட்டால் கணினி எலும்பை மட்டும் பிரித்தெடுக்கும். வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கி, மறுபடியும் அதே வரிசையில் அடுக்கினால் தண்டின் வடிவம் வந்துவிடுகிறது அல்லவா? அதுபோல ஸ்கேனின் வில்லைகளை அடுக்கி, எலும்பின் எண்ணுள்ள கட்டங்கள் முடியும் எல்லையில் சின்னஞ்சிறு முக்கோணங்களை ஒட்டி, மேற்பரப்பைக் கட்டிவிடலாம். 1987இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த லோரன்சென், கிளைன் என்ற இருவர் வெளியிட்ட முறை இது. திரையில் ஒரு தொடை எலும்பு, திருப்பிப் பார்க்கத்தக்கதாய், முழுமையாய் நிற்கும். ஆனால் ஸ்கேன் மேசையில் படுத்தவர் அசையக் கூடாது. பெர்த்தாவுக்கு இட்ட அதே நிபந்தனைதான். வடிவம் கிடைத்தது, அசைவு கிடைக்கவில்லை.

ஆகவே இரண்டையும் தனித்தனியே எடுத்துச் சேர்த்தார்கள். படுத்திருக்கும்போது சி.டி. ஸ்கேனில் எலும்பின் வடிவம். நடக்கும்போதோ ஓடும்போதோ இரண்டு திசையிலிருந்து எக்ஸ் கதிர் வீடியோ. கணினிக்குள் அதே இரண்டு குழாய்களையும் இரண்டு திரைகளையும் அதே இடத்தில் நிறுத்தி, நடுவே எலும்பு உருவை வைத்தால் ஒரு பொய் நிழல் விழும். பொய் நிழலும் மெய் நிழலும் பொருந்தும் வரையில் ஆறு எண்களையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பொருந்தியதும் அந்த நொடிக்கு எலும்பின் நிலை கிடைத்தது. அடுத்த படத்துக்கும் அப்படியே. வரிசையாக ஓடவிட்டால், சதை இல்லாமல் எலும்பு மட்டும் நடக்கும். எலும்பில் தாண்டலம் என்னும் உலோகத்தின் சிறு மணிகளைப் பதித்து இரட்டை நிழலால் அளக்கும் முறையை 1974இலேயே ஸ்வீடனின் லுண்ட் நகரில் கோரன் செல்விக் வகுத்திருந்தார். 2010இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தார் இவற்றையெல்லாம் ஒன்றாக்கி எக்ஸ்ரோம் என்ற பெயரில் வெளியிட்டனர். பன்றி மெல்லும்போது தாடை எப்படிப் போகிறது, இகுவானா மூச்சு விடும்போது விலா எப்படித் திரும்புகிறது என்றெல்லாம் பார்த்தார்கள். எலும்புகளை அசைக்க அவர்கள் பயன்படுத்தியது மாயா என்னும் மென்பொருள். திரைப்பட அனிமேஷன்காரர்கள் கையாளுவது. ஆராய்ச்சிக் கூடத்துக்கும் சினிமாக் கொட்டகைக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று யார் எண்ணியிருப்பார்கள்?

இது வேடிக்கைக்காக அன்று. கபடி ஆடும் நம் நண்பர்களுக்கு முழங்கால் ஜவ்வு கிழிவது என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவை செய்து புது நாரை வைத்துத் தைத்த பின் கால் வீக்கம் வற்றும், வலி போகும், மருத்துவர் மேசைமேல் படுக்கவைத்து இழுத்துப் பார்த்தால் மூட்டு உறுதியாகவே இருக்கும். 2004இல் வெளியான டெட்ராய்ட் ஆய்வு ஒன்றில் இத்தகையவர்களைச் சரிவான ஓடுபாதையில் ஓடவிட்டு இரட்டை எக்ஸ் கதிரால் படமெடுத்தார்கள். அறுவை செய்த காலில் முழந்தாள் எலும்பு மறுகாலைவிடச் சில பாகை வெளிப்புறமாகத் திரும்பியே இருந்தது. மேசைமேல் அசையாமல் இருக்கும்போது தெரியாத குறை அது. நாளடைவில் குருத்தெலும்பு தேய்வதற்கு அந்தச் சில பாகை காரணமாகலாம் என்பதால்தான் மருத்துவர்கள் நாரைப் பொருத்தும் இடத்தைப் பற்றி இவ்வளவு விவாதிக்கிறார்கள். கதிரின் தீமை கருதி இத்தகைய படங்களைச் சில நொடிகளுக்கு மேல் எடுப்பதில்லை. டாலியின் கைகளை யாரும் மறக்கவில்லை.

ராண்ட்ஜன் இவை எதையும் காணவில்லை. எக்ஸ் கதிரைப் பற்றி மொத்தம் மூன்றே கட்டுரைகள் எழுதினார், கடைசி 1897இல். 1900இல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் சென்று பரிசைப் பெற்றார். வழக்கமான சொற்பொழிவை ஆற்றாமல் திரும்பினார். பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்கென்று கொடுத்தார். பிரபு குலத்தவர் பெயரில் சேரும் பட்டத்தை அரசு அளித்தபோது வேண்டாம் என்றார். அவரைக் குறையே இல்லாதவராகக் காட்ட நான் விரும்பவில்லை. 1914இல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மனியின் செயலை நியாயப்படுத்தி 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவர் கையொப்பமும் இருக்கிறது.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919இல், நெடுநாள் நோயுற்றிருந்த பெர்த்தா இறந்தார். ஜெர்மன் நாணயம் மதிப்பிழந்து வீழ்ந்தபோது ராண்ட்ஜனின் சேமிப்பும் கரைந்தது. வூர்ஸ்பர்க்குக்குக் கொடுத்த பரிசுத் தொகையும் மதிப்பில்லாமல் போயிற்று. காப்புரிமைப் பணம் இருந்திருந்தால் முதுமை வேறு விதமாகக் கழிந்திருக்கும். 1923 பிப்ரவரி 10ஆம் நாள் குடல் புற்றுநோயால் மியூனிக்கில் இறந்தார். வயது 77. அவருடைய விருப்பப்படி ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் எரிக்கப்பட்டன. கீசன் நகரப் பழைய கல்லறைத் தோட்டத்தில், பெற்றோர்க்கும் பெர்த்தாவுக்கும் அருகே அவருடைய கல்லறை இருக்கிறது.